மோட்டார் கொட்டாயில் குளிக்க வேண்டும்

எங்கள் நிலத்து மோட்டார் கொட்டாயை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. நடவு முடிந்தாலும் சரி, களை எடுத்து முடித்தாலும் சரி, பெண்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் பாவாடையை மார்பு வரைக்கும் ஏற்றிக் கட்டிக்கொண்டு அதில் இறங்கினால் லேசில் ஏற மாட்டோம். குழாயிலிருந்து தண்ணீர் மொத்தமாக வந்து முதுகில் விழும். வெய்யிலில் நாள் பூராவும் குனிந்து கிடந்த உடம்புக்கு அந்தச் சுகத்தைச் சொல்லி முடியாது. யார் மாமியார் எப்படி, யார் வீட்டில் என்ன சண்டை என்று பாகூர் கொம்யூனில் இருக்கிற அத்தனை ஊர் நிலவரத்தையும் அந்தத் தொட்டிக்குள்ளேயே பேசித் தீர்த்துவிடுவோம். அதிகம் பேசுகிறவள் நான்தான்.

மார்பில் கட்டி வந்து ஆப்பரேஷன் செய்துகொண்ட பிறகு நான் அந்தத் தொட்டியில் இறங்கவில்லை.

கட்டி என்றால் புற்றுக்கட்டிதான். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எங்கள் ஊரில் இன்னமும் குரலைத் தாழ்த்துவார்கள். நான் தாழ்த்துவதில்லை. வந்தது எனக்கு, வாயும் என்னுடையது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டதால் இடது மார்பு முழுவதையும் எடுக்காமல், கட்டியையும் அதைச் சுற்றியிருந்த சதையையும் மட்டும் எடுத்தார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள், ரேடியேஷன் என்கிறார்களே, அதுதான். தோல் கருத்துப் போய், உரிந்து, ஆறியது. "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, தைரியமா இருங்க" என்று டாக்டர் சொன்னார். நானும் தைரியமாகத்தான் இருந்தேன். ஆனால் எடுத்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. உள்ளங்கையை வைத்தால் அடங்கிப் போகிற பள்ளம்.

புடவை கட்டினால் வெளியே தெரியக் கூடாதென்று, ஒரு பெரிய கைக்குட்டையை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வேன். புடவைக்கு அது போதும். நனைந்த பாவாடை என்ன செய்யும்? உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்று ஊருக்கே படம் போட்டுக் காட்டிவிடும். அதனால் நடவு முடிந்ததும் "தலைவலிக்குது" என்று சொல்லிவிட்டு வரப்பிலேயே நடந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். பின்னால் தொட்டியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பக்கெட்டில் மொண்டு ஊற்றிக்கொள்ளும்போது எனக்கு ஆத்திரமாக வரும். செத்துப் பிழைத்தவளுக்கு இது ஒரு குறையா என்று என்னையே திட்டிக்கொள்வேன். திட்டினாலும் அந்த ஆசை போகவில்லை.

இந்த விஷயத்தில் எனக்குத் துணைக்கு வந்தவர் யார் என்று சொன்னால் எங்கள் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா. ஒதியம்பட்டில் வாழ்க்கைப்பட்டவர், புருஷனை இழந்தவர், ஆள் நல்ல கனம், குரல் அதைவிடக் கனம். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "இன்னாடா தம்பி, பொண்ணு ஒடம்புல ஒண்ணுமே இல்லியே" என்று என் அம்மா காதில் விழும்படி சொன்னவர். அதற்கப்புறம் எனக்கும் அவருக்கும் எந்தப் பொங்கலும் சண்டையில்லாமல் கழிந்ததில்லை.

தவளக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்காரக் குனிந்தபோது என் கைக்குட்டை நழுவி இலைக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. நாலாக மடித்து, ஓரம் தைத்து, நடுவில் பஞ்சு வைத்தது. பார்த்தால் மூக்குத் துடைக்கிற துணி இல்லை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எதிரில் சாம்பார் வாளியோடு ஒரு பையன் நிற்கிறான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணி அதை வெடுக்கென்று எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, "என் கர்ச்சீப்பை எங்க போட்டேன்னு அப்போத்துலேர்ந்து தேடினு இருக்கேன்" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினார். பிறகு என் முந்தானையை அவரே இழுத்துச் சரி செய்துவிட்டு, "சாம்பாரை ஊத்துப்பா" என்றார்.

அன்றைக்கு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டார். அவருக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் தொட்டி விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "வயித்துல இருக்குற கொழுப்பை மெஷின்ல உறிஞ்சி எடுத்து மூஞ்சில போடறாங்கன்னு டிவியில காட்னாங்கடி. மூஞ்சிக்குப் போடறவன் இதுக்குப் போட மாட்டானா? விசாரிக்கலாம், வுடு" என்றார். மேட்டு மண்ணை வெட்டிப் பள்ளத்தில் கொட்டுகிற வேலை நாங்கள் நிலத்தில் செய்கிறதுதான். அது உடம்பிலும் ஆகுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்தார். "இப்போ எதுக்கு அது? எனக்கு ஒண்ணும் கொறையாத் தெரியலியே" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்குக் கொறை இல்ல, சரி. பள்ளம் யார் ஒடம்புல இருக்குது?" என்று கேட்டேன். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் டாக்டர் தேடுவதென்றால் படிப்பைப் பார்த்துத் தேடுவதில்லை. கைராசி எப்படி என்று கேட்போம். காய்ச்சலுக்கு இந்த டாக்டர் கைராசி, பிரசவத்துக்கு அந்த டாக்டரம்மா கைராசி என்று டீக்கடையில் நின்றாலே தெரிந்துவிடும். இதற்கு யாரிடம் போய்க் கேட்பது? கொழுப்பை எடுத்துக்கொண்டவள் எவளாவது வெளியே சொல்வாளா? சரி, மார்பில் பள்ளம் விழுந்த ஒருத்திக்காகக் கேட்கிறேன் என்று விசாரித்தால், அது யார் என்று கண்டுபிடிக்க எங்கள் ஜனத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அண்ணி ஒரு வேலை செய்தார். ஒதியம்பட்டிலும் வில்லியனூரிலும் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "எனக்குத் தொப்பையைக் கொறைக்கணும், நல்ல டாக்டரா இருந்தா சொல்லு" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். ஐம்பத்தைந்து வயசு, தாலி அறுத்தவர், நெற்றியில் விபூதி. அவர் போய் இப்படிக் கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? "கெழவிக்கு ஆசையைப் பாரேன்" என்று வில்லியனூர் பஸ்ஸில் இரண்டு பேர் பேசிச் சிரித்ததை என் காதாலேயே கேட்டேன். அவர்களைப் பிடிபிடியென்று பிடித்திருப்பேன். பிடித்தால் எதற்காகக் கேட்டார் என்று சொல்ல வேண்டி வருமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அண்ணியிடம் சொன்னபோது, "சிரிச்சா சிரிக்கட்டும். தொப்பை இருக்கறது நெசந்தானே" என்றார்.

கடைசியில் வில்லியனூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஒரு பெண் டவுனில் ஓர் இடத்தைச் சொல்லி, அங்கே போனோம். பூராவும் கண்ணாடி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுவரெல்லாம் தலையில்லாத வயிறும் இடுப்பும் படமாக மாட்டியிருந்தது, செய்வதற்கு முன்பு ஒன்று, செய்த பிறகு ஒன்று. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பொண்ணு எங்களை உட்கார வைத்துப் பேசினாள். என்னைப் போய் மேடம் என்றாள். ஒரே தடவையில் முடிந்துவிடும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்துவிடும், சாயங்காலமே வீட்டுக்குப் போய் மறுநாள் சமைக்கலாம் என்றாள். "இந்த மாசம் ஆஃபர் இருக்குது மேடம். கூட வந்தவங்களுக்கும் சேர்த்தே பண்ணிக்கலாம்" என்று அண்ணி வயிற்றைப் பார்த்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. நான் கேட்க ஆசைப்பட்டதை எல்லாம் அவள் கேட்காமலே சொன்னாள். உட்கார்ந்த இடத்திலேயே மனசு தொட்டித் தண்ணீரில் இறங்கிவிட்டது. கரண்ட் வைத்த இடமாச்சே, ஏதாவது ஆகுமா என்று மட்டும் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம்" என்றாள். டாக்டரைப் பார்க்கலாமா என்றேன். "டாக்டர் வெளியூர் மேடம். ஆப்பரேஷன் அன்னிக்கு வருவார். நேரா தியேட்டர்லயே பார்த்துக்கலாம்" என்றாள்.

வெளியே வந்ததும் அண்ணி பிடித்துக்கொண்டார். "இன்னாடி இது? சந்தையில மாட்டைக்கூட வாயைப் பொளந்து பல்லைப் பாத்துட்டுத்தான் வெலை பேசறாங்க. உன் மேல வச்ச கத்தி எங்க வச்சதுன்னு கூட ஒருத்தி பாக்கலியே. ஒண்ணும் ஆகாதுன்னு எப்படிச் சொல்றா?"

"எல்லாத்துலயும் குத்தம் கண்டுபுடிங்க. நான் நல்லா இருந்தா உங்களுக்கு ஆவாதா?" என்று நடுரோட்டில் கத்திவிட்டேன். கையில் வந்த சந்தோஷத்தைப் பிடுங்குகிறாரே என்ற எரிச்சல். பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் தனித்தனியாக உட்கார்ந்து வந்தோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் என் சீட்டில் என் கூடவே உட்கார்ந்து வந்தது.

அடுத்த செக்கப்புக்குப் போனபோது, என்னைப் பார்க்கிற கேன்சர் டாக்டரம்மாவிடம் கேட்பது என்று முடிவு செய்தேன். அதுவரைக்கும் அவரிடம் வாயே திறக்கவில்லை. உயிரோடு இருப்பதே பெரிய விஷயம், இதில் அழகு வேறு கேட்கிறதா என்று என் சொந்தக்காரி ஒருத்தி சொல்லியிருந்தாள். டாக்டரும் அப்படி நினைத்துவிட்டால்? பார்த்து முடித்து ரவிக்கை ஊக்கைப் போட்டுக்கொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதை ஏன் இவ்ளோ நாளா கேக்கல?" என்றார்.

"அதிகப்படியா ஆசைப்படறேனோன்னு…"

"கட்டியை எடுக்கறது எப்படி வைத்தியமோ அதே மாதிரி இதுவும் வைத்தியம்தான். தாராளமா கேக்கலாம்" என்றார். கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்வந்ததைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. கரண்ட் வைத்த இடத்தில் யாரும் சும்மா கை வைக்கக் கூடாது, முதலில் புதிதாக ஸ்கேன் எடுத்து ஒன்றும் இல்லை என்று பார்க்க வேண்டும் என்றார். தன்னைக் கேட்காமல் செய்கிறேன் என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடச் சொன்னார். செய்யப் போகிறவரே உங்களைப் பார்த்துப் பேசுகிறாரா, மயக்க மருந்துக்குத் தனி டாக்டர் இருக்கிறாரா, திடீரென்று ஏதாவது ஆனால் அங்கேயே பார்க்க வசதி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். பிளாஸ்டிக் சர்ஜன் ஒருத்தரைப் பற்றியும் சொன்னார். தீக்காயம் பட்டவர்களையும், மெஷினில் விரல் அறுந்தவர்களையும் பார்க்கிற டாக்டராம்.

ஆம்பளை டாக்டர்.

வீட்டில் அதைச் சொன்னேன். வீட்டுக்காரர், "அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரியில பொம்பளைங்கதானே இருந்தாங்க?" என்று இழுத்தார்.

"கட்டியை எடுத்தவரும் ஆம்பளைதான்."

"அது உசுரு விஷயம்."

"எனக்கு இதுவும் உசுருதான்" என்றேன். எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததென்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். போகிற நாளில் காலையிலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

மூன்று பேரும் போனோம். என்னோடு பேசாமல் இருந்த அண்ணி, "நான் உனுக்காக வரல, என் தம்பிக்காக வரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்து பஸ்ஸில் ஏறினார். அது ஒரு சாதாரண ஆஸ்பத்திரி. பெஞ்சில் எங்களுக்கு முன்னால் கை முழுக்கக் கட்டுப் போட்ட ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒரு படமும் இல்லை.

டாக்டர் நரைத்த மீசைக்காரர், சிரிக்காத முகம். என் பழைய பேப்பர்களை எல்லாம் வரிசையாகப் படித்தார். நர்ஸைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டு, "பாக்கலாமாம்மா?" என்று கேட்டார். அண்ணி தன் முந்தானையை விரித்து என் வீட்டுக்காரர் பக்கம் திரை மாதிரி பிடித்துக்கொண்டார். அவர் என் புருஷன், அவருக்கு எதற்குத் திரை என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் பள்ளத்தையும், சுற்றியிருந்த தோலையும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். வயிற்றையும் தொடையையும் கிள்ளிப் பார்த்தார். நான் கூரை ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது.

உட்கார்ந்த பிறகு, "எதுக்காகம்மா இதைப் பண்ணிக்கணும்னு நெனைக்கிறீங்க?" என்றார்.

ஆயிரம் பதில் யோசித்து வைத்திருந்தேன். புடவை சரியாக நிற்கவில்லை, மனசு கஷ்டமாக இருக்கிறது என்று நாகரிகமாகச் சொல்லலாம் என்றிருந்தேன். வாயில் வந்ததோ, "மோட்டார் கொட்டாயில குளிக்கணும் சார்."

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நர்ஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "தண்ணி எவ்ளோ வேகமா விழும்?" என்று கேட்டார்.

"நல்லா வேகமா விழும் சார்."

"நேரா மாருலயா, முதுகுலயா?"

"எப்படி வேணும்னாலும் நிக்கலாம். மாருல வாங்கிக்கிட்டா மூச்சு முட்டும்."

"அப்போ பண்ணினதுக்கு அப்புறம் ரொம்ப நாளைக்கு அது கூடாது. புதுசா வச்ச கொழுப்பு வேர் புடிக்கணும். நான் சொன்ன பிறகு, முதுகைக் காட்டித்தான் நிக்கணும்" என்றார்.

எனக்கு டாக்டர் கிடைத்துவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட நொடியிலேயே முடிவு செய்துவிட்டேன். இந்த மனுஷன் என்னைத் தொட்டிக்குள் நிற்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பிடிக்காத விஷயங்கள்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். வைப்பதில் ஒரு பங்கு கரைந்து போகும், எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்றார். கரண்ட் வைத்த தோல் என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கரையலாம் என்றார். புதிதாகக் கொட்டிய மண் முதல் மழையில் அமுங்குவதைப் பார்க்காதவளா நான்? அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

"இன்னொண்ணு. உங்க ஒடம்புல கொழுப்பு கம்மியா இருக்குது. கொஞ்சம் எடை ஏறினா நல்லது" என்றார்.

"இவளுக்கா கொழுப்பு கம்மி?" என்று வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மறுபடியும் குனிந்துகொண்டார்.

அண்ணி சிரிக்கவில்லை. எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "சார், என்னுதை எடுத்துக்குங்க" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை.

"என் வயித்துல எவ்ளோ இருக்குது பாருங்க. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, டெஸ்ட்டெல்லாம் எடுத்துப் பாத்துட்டேன். இவளுக்கு எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்க. இவளை எதுக்கு அங்கயும் இங்கயும் குத்தறீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரெல்லாம் தொப்பையைக் குறைக்கணும் என்று கேட்டுத் திரிந்தாரே, அது வெறும் சாக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனுஷி போய் ரத்த டெஸ்ட்டே எடுத்து வைத்திருக்கிறார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒருத்தர் கொழுப்பு இன்னொருத்தருக்கு ஒத்துக்காது, இது வேற ஆளுடையது என்று உடம்பு கண்டுபிடித்து அழித்துவிடும் என்றார். அண்ணி விடவில்லை. "கிட்னியே குடுக்கறாங்களே சார்? நான் தூரத்து ஆளு இல்ல, நாத்தனாரு."

இப்போது டாக்டர் சிரித்தார். கிட்னி வாங்கினவர்கள் ஆயுசு பூராவும் மருந்து சாப்பிட வேண்டும், இதற்காக அந்த ஆபத்தெல்லாம் வேண்டாம், அவங்க கொழுப்புதான் அவங்களுக்கு என்றார். அண்ணிக்கு அது ஏறவில்லை. வெளியே போகும்போது கதவில் கையை வைத்துக்கொண்டு, கடைசியாக, "சார், உங்க கைராசி எப்படி?" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்காரர் "அக்கா!" என்று பதறினார்.

"அது எனக்குத் தெரியாதும்மா. சரியா வராதவங்களைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்" என்றார் டாக்டர். ஒருத்திக்கு வைத்தது அத்தனையும் கரைந்து போனதையும், இன்னொருத்திக்குச் சீழ் பிடித்து மறுபடி திறந்து கழுவியதையும் சொன்னார். அண்ணி கேட்டுக்கொண்டே நின்றார். படி இறங்கும்போது, "இவரே போதும்டி. தோத்த கதையை எவன் சொல்றான்" என்றார். என்னோடு பேசுவதில்லை என்பதை அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் என் எடை அண்ணியின் பொறுப்பாகிவிட்டது. நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி, நெய் விட்ட பருப்பு, மண்ணாடிப்பட்டில் இருந்த சொந்தக்காரர் வீட்டு வெல்லம் என்று தூக்குத் தூக்காக ஒதியம்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்தது. "போதும் அண்ணி" என்றால், "அன்னிக்கே சொன்னேன், ஒடம்புல ஒண்ணுமே இல்லன்னு. யாரு கேட்டீங்க?" என்பார். அந்தப் பழைய வார்த்தையை நினைத்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. ஸ்கேன் நன்றாக வந்தது, கேன்சர் டாக்டரம்மாவும் சரி என்றார்.

ஆப்பரேஷன் அன்று காலையில் என்னைப் பச்சை கவுனில் உட்கார வைத்திருந்தார்கள். பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் வெளியே போய் அண்ணிக்கு இட்லி வாங்கி வந்தார். அண்ணி வேண்டாம் என்றார். டீ வாங்கி வந்தார். அதுவும் வேண்டாம். "நேத்து ராத்திரியும் நீ சாப்புடல, மயக்கம் போட்டு வுழப் போற" என்று அவர் சத்தம் போட்டார். எனக்காக விரதம் இருக்கிறார் போல என்று நான் நினைத்தேன். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை என்று மாசத்தில் பாதி நாள் விரதம் இருக்கிறவர்தான் அவர்.

"சாமிக்கா அண்ணி? பரவால்ல, டீயாவது குடிங்க" என்றேன்.

அவர் நர்ஸ் போகிறவரைக்கும் காத்திருந்துவிட்டு என் காதோரம் குனிந்தார். "சாமிக்கு இல்லடி. உள்ள போயி தொறந்து பாத்துட்டு பத்தலைன்னா திடீர்னு என்னைக் கூப்டுவாங்க. சாப்ட்டிருந்தா மயக்க ஊசி போட மாட்டாங்களாமே."

"அதுதான் ஆவாதுன்னு அவரே சொல்லிட்டாரே!"

"ஆவாதுன்னு சொல்லுவாங்க. கடைசி நேரத்துல வேற வழியில்லன்னா ஆவும். என் வூட்டுக்காரருக்கு அப்படித்தான் ராத்திரியில ரத்தம் வேணும்னு ஓடனாங்க. அன்னிக்குக் குடுக்க ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டு, என் தலைமுடியைத் தொப்பிக்குள் தள்ளிவிட்டார். எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. ஆப்பரேஷனுக்குப் பயந்து அழுகிறேன் என்று நர்ஸ் தட்டிக் கொடுத்தாள். அந்த அம்மாவுக்கு முதலில் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே போனது யார் காதிலும் விழவில்லை.

தொடையிலும் அடிவயிற்றிலும் எடுத்தார்கள். எடுத்த இடமெல்லாம் கன்றி நீலம் பாரித்து, இறுக்கமான உறையைப் போட்டுக்கொண்டு பல நாள் நொண்டி நடந்தேன். மறுநாளே சமைக்கலாம் என்று சொன்ன அந்தப் பொண்ணை நினைத்துத் திட்டிக்கொண்டே நடந்தேன். வீக்கம் வடிய வடிய, அவர் சொன்ன மாதிரியே கொஞ்சம் கரைந்தது. தினமும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். பழைய மாதிரி கை அமுங்கவில்லை. வலது பக்கம் அளவுக்கு இல்லை, ஆனால் பள்ளம் என்று சொல்ல முடியாது. வேண்டுமானால் இன்னொரு தடவை வைக்கலாம், அவசரமில்லை என்றார் டாக்டர். நான் அவரிடம் கேட்டது, தொட்டியில் இறங்கலாமா என்பது ஒன்றுதான். அவர் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "முதுகைக் காட்டி" என்றார்.

சம்பா நடவு முடிந்த அன்று எனக்குத் தலைவலி வரவில்லை. கைக்குட்டையை மோட்டார் கொட்டாய்க்குள் ஆணியில் மாட்டிவிட்டு, பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினேன். ஐயோ, அந்தத் தண்ணி! முதுகில் வந்து விழுந்ததும் கத்திவிட்டேன். "வந்துட்டாளாப்பா நம்ம ரேடியோ" என்று ஒருத்தி சொன்னாள். பாவாடை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஒருத்தி பார்த்தாள், பார்த்துவிட்டுச் சோப்பை நீட்டினாள். நான் திரும்பி நிற்கவும் இல்லை, கையைக் குறுக்கே கட்டிக்கொள்ளவும் இல்லை.

நடவு ஆளுக்குச் சோறு கொண்டு வந்திருந்த அண்ணி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு, மோட்டார் சத்தத்தையும் மீறி அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எடது பக்கம் கொஞ்சம் கம்மியாத்தான்டி இருக்குது. அந்த ஆளு நான் சொன்னதைக் கேட்டு என்னுதைக் கொஞ்சம் போட்டிருந்தா நல்லா ரொம்பியிருக்கும்."

தொட்டியில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். இத்தனை நாள் நான் மறைத்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டார். மறைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடித்தேன். "அடிப்பாவி, பொடவைடி" என்று அவர் கத்தக் கத்த, கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் தண்ணீருக்குள் இறக்கினேன்.